புளியமரத்தடியில் ஒன்பது மணி வரைக்கும்

கண்ணு,

எங்கள் நடைக்குழு இந்த வருஷம் ஒரு மலர் போடுகிறது. "ஆற்றோரம் நடப்பதன் நன்மைகள்" என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள். குழுவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். போன மலரில் அவர் எழுதியதை அவர் வீட்டுக்காரம்மாவே படிக்கவில்லை என்று தெரிந்ததால் இந்தத் தடவை என்னிடம் வந்துவிட்டார்கள். நானும் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். சர்க்கரை குறையும் என்று எழுதினேன். நல்ல தூக்கம் வரும் என்று எழுதினேன். முழங்கால் வலி போகும் என்று எழுதிவிட்டு, அது பச்சைப் பொய் என்பதால் அடித்தேன். அதற்குக் கீழே பேனா உன்னைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. நானும் விட்டுவிட்டேன். அச்சில் வந்தால் ஊரே படிக்கும், நம் சொந்தக்காரர்களும் படிப்பார்கள். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விதான் காரணம். ஜெர்மனியில் உன் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிற ஆற்றை வீடியோவில் காட்டினாய். வருஷம் முழுக்கத் தண்ணீர். கரையில் சைக்கிளுக்கு ஒரு பாதை, நடக்கிறவர்களுக்கு ஒரு பாதை. வாத்துகூட வரிசையில்தான் போகிறது. நாலு வயசுப் பாப்பாவை ஆற்றுக்குக் கூப்பிட்டால், "அப்பா வேண்டாம், அம்மா கூடத்தான் போவேன்" என்று சொல்லிவிட்டாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஏம்மா, நான் கெளம்புன வருசம் அப்பா என்னைய ஆத்துக்கு எதுக்கு வேண்டாம்னுட்டாரு? கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாமயே போயிருச்சு" என்றாய். எட்டு வருஷத்தில் நீ அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் என்ன பதில் சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, அந்தக் குளுருல தோசைமாவு புளிக்குதா?" என்றேன். நீயும் நல்ல பிள்ளையாக, "புளிக்குதுங்கம்மா" என்றாய். போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். எதற்காகப் போனேன் என்றே தெரியாமல் அங்கே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

அப்பா உன்னை வேண்டாம் என்று சொல்லவே இல்லை கண்ணு. அது நான் சொன்ன பொய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மலரைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரிந்ததுதான். நம் நொய்யல் வருஷத்தில் பாதி நாள் ஆறே இல்லை. மணலும் முள்ளும் யாரோ கொண்டுவந்து கொட்டிய இடிசல் கல்லும்தான். தென்மேற்குப் பருவம் பிடித்து, வெள்ளியங்கிரிப் பக்கத்து மலையில் நாலைந்து நாள் விடாமல் கொட்டினால்தான் தண்ணீர் இறங்கும். அது முதலில் சித்திரைச்சாவடி அணையில் வந்து தேங்கும். வாய்க்காலுக்குப் போனது போக, அணை நிறைந்து சுவரைத் தாண்டி வழிந்தால்தான் கீழே ஆறு உண்டு. அப்படி வழிகிற முதல் தண்ணீர் காய்ந்த மணலில் இறங்கிப் பேரூரைப் பார்த்து வரும்போது, கரைமேல் ஏறி அதன்கூடவே நடந்து வருவது உன் அப்பா கண்டுபிடித்த பொழுதுபோக்கு. கணபதியில் ஒரு மோட்டார் பம்ப் பட்டறையில் லேத் ஓட்டியவர் அவர். ஆறு நாளும் இரும்புத்தூளும் ஆயில் வாடையுமாக இருந்துவிட்டு, ஏழாம் நாள் வீட்டுக்குள் உட்கார மாட்டார். சினிமாவுக்குப் போகலாம் என்றால் கொட்டாவி விடுவார். குளத்து மேடு, ஆற்றங்கரை, பாலமலைப் பாதை என்று எங்கேயாவது நடக்கவேண்டும் அவருக்கு.

உனக்கு ஆறு வயசானதும் உன்னையும் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். ஆலாந்துறையில் பாக்குத்தோப்பு வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் அவருக்குச் சிநேகம். மலையில் தண்ணீர் இறங்கியதும் அந்தத் தோப்புக்கார அண்ணன் போன் பண்ணுவார். "தண்ணி எறங்கிருச்சுங்க, காலைல அணை வழியுமுங்க" என்பதோடு போனை வைத்துவிடுவார். அவ்வளவுதான், நம் செல்வபுரத்து வீட்டில் அன்றைக்கு நோம்பிதான், பண்டிகைதான். மறுநாள் காலை முதல் பஸ் பிடித்துப் போவீர்கள். பிளாஸ்க்கில் காபி, தூக்குப்போசியில் தக்காளிச் சாதம். போனை வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போவது அப்பாவின் சட்டம். ஆற்றுக்குள் இறங்கக் கூடாது, கரையோடுதான் வரவேண்டும் என்பது இன்னொரு சட்டம். மத்தியானம் மூன்று மணிக்கு முழங்கால் வரைக்கும் சேறோடு வந்து நின்று, நீ மூச்சு விடாமல் சொல்வாய். தண்ணீர் நம்மைவிட மெதுவாகத்தான் வருமாம். குழியைப் பார்த்தால் நின்றுவிடுமாம், அது நிறைகிற வரைக்கும் நீங்களும் கரையில் உட்கார்ந்திருப்பீர்களாம். முன்னால் நுரையும் சருகும் எறும்பும் செருப்பும் பாட்டிலுமாகத் தள்ளிக்கொண்டு வருமாம். செருப்பையும் பாட்டிலையும் அப்பா கோலால் இழுத்துக் கரையில் போடுவாராம். நான் உன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், அப்போதுதான் கூடத்தைத் துடைத்து முடித்திருப்பேன்.

இன்னொரு வழக்கம் உண்டு, அது உங்கள் இரண்டு பேருக்கும் மட்டுமே உள்ளது. நம் பக்கத்தில் ஒரம்பரை வந்தால், வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் வாங்க என்று கேட்போம். "தண்ணியே ஒரம்பரையா வந்தா அதுக்கு என்னத்தக் கொடுக்கறது?" என்று நீ சின்னதில் ஒரு தரம் கேட்டிருக்கிறாய். அப்பா யோசித்துப் பார்த்து, அடுத்த வருஷத்திலிருந்து நாட்டுச்சக்கரை கொண்டுபோக ஆரம்பித்தார். பேப்பரில் சின்னதாக இரண்டு பொட்டணம், உனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. தண்ணீர் அணையைத் தாண்டியதும் கரை ஓரம் குனிந்து அதன் தலையில் போட்டுவிட்டு, அப்புறம்தான் நடப்பீர்கள். முதல் நாள் ராத்திரியே பொட்டணத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுவார். நான் சிரிப்பேன். "சக்கரை விக்கற வெலைக்கு ஆத்துக்கு வேற போடறீங்களா?" என்பேன். "நீயும் ஒருக்கா வா அம்மணி, வந்து பாத்துப்போட்டுப் பேசு" என்பார். வருஷா வருஷம் கூப்பிட்டார். ஊட்டு வேலையை ஆரு பாப்பாங்க என்று வருஷா வருஷம் கேட்டேன். அந்த வேலை எல்லாம் என்ன வேலை என்று இப்போது உட்கார்ந்து யோசித்தால் ஒன்றுகூட நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது.

நீ ஜெர்மனிக்குக் கிளம்ப நாலு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் விருந்து. காங்கேயத்திலிருந்து என் அண்ணன், அதாவது உன் மாமன், உனக்குத் துணி எடுத்துக்கொண்டு வருவதாக இருந்தது. பொள்ளாச்சியிலிருந்து உன் அத்தை குடும்பம். மொத்தம் இருபது பேருக்குச் சமையல். சனிக்கிழமை சாயங்காலம் தோப்புக்கார அண்ணன் போன் வந்துவிட்டது. அப்பா முகத்தைப் பார்க்கவேண்டுமே. நீ சிநேகிதர்களிடம் சொல்லிக்கொள்ளப் போயிருந்தாய். "பையன் வந்தா சொல்லு அம்மணி, காலைல அஞ்சரைக்குக் கெளம்பறோம். முழுசும் நடக்க வேண்டாம், பாதியில திரும்பிருவோம், பன்னெண்டுக்கெல்லாம் ஊட்ல இருப்போம். அடுத்த வருசம் அவன் எங்க இருப்பானோ" என்றார். நான் சரிங்க என்றேன். சொல்லிவிட்டு அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டே கணக்குப் போட்டேன். பன்னிரண்டு என்றால் மூன்று ஆகும். என் அண்ணன் துணித் தட்டோடு வந்து உட்கார்ந்திருக்க, துணி கட்டவேண்டிய மருமகன் சேற்றுக்காலோடு வந்து நிற்பான். என் பிறந்த வீட்டுக்காரர்கள் முன்னால் என் மரியாதை என்னாவது? எனக்கு அன்றைக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. வேறு காரணம் ஒன்றும் இல்லை. நல்லதாக ஒரு காரணத்தைத் தேடித்தேடிப் பார்த்துவிட்டேன் கண்ணு, கிடைக்கவில்லை.

நீ ஏழரை மணிக்கு வந்தாய். செருப்பைக் கழற்றும்போதே, "தண்ணி சேதி ஏதாச்சும் வந்துச்சுங்களாம்மா?" என்று கேட்டாய். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். "வந்திருக்குதாம். ஆனா இந்தத் தடவை அப்பா தனியாப் போகோணுமாம், உன்னைய வேண்டாம்னுட்டாரு" என்றேன். நீ ஏன் என்று கேட்பாய் என்று நினைத்து அதற்கும் ஒரு பதிலைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். நீ கேட்கவில்லை. "செரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு உன் அறைக்குப் போய்ப் பெட்டி அடுக்க ஆரம்பித்துவிட்டாய். அப்பா குளித்து வந்ததும், பையனிடம் சொல்லியாச்சுங்க என்றேன்; விடியற்காலை எழவேண்டும் என்று அவர் சீக்கிரமே படுத்துவிட்டார். காலையில் அப்பா காபி குடித்துக்கொண்டே, "சாமி எந்திரிக்கலையா?" என்று உன்னைப் பற்றிக் கேட்டார். "அவன் வரலையாமுங்க. சிநேகிதர்களோட என்னமோ வேலை இருக்குதாம்" என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உன் அறைக் கதவு வரைக்கும் போனார். தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். அப்புறம் கையை இறக்கிக்கொண்டு, "தூங்கட்டும், தொந்தரவு பண்ண வேண்டாம்" என்றார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பி என்னிடம் சொன்னார், "எதுக்கும் எந்திரிச்சா சொல்லு. அணைக்கட்டு புளியமரத்தடியில ஒம்பது மணி வரைக்கும் நிக்கறேன். பின்னால பஸ்ஸுல வந்தாப் போதும்."

நீ ஆறரைக்கு எழுந்தாய். நான் சொல்லவில்லை. கறிவேப்பிலை வாங்கிவரச் சொல்லி உன்னைக் கடைக்கு அனுப்பினேன்.

நம் ஊர் மரியாதையை எல்லோரும் மெச்சுவார்கள். ஏனுங்க, வாங்க, செரிங்க, பரவாயில்லீங்க. வேறு ஊர்ப் பிள்ளையாக இருந்தால் அப்பாவின் கதவைத் தட்டி, ஏன் என்னை வேண்டாம் என்கிறீர்கள் என்று சண்டைக்குப் போயிருப்பான். வேறு ஊர் அப்பாவாக இருந்தால் போர்வையைப் பிடித்து இழுத்து, எழுந்து வாடா என்றிருப்பார். என் பொய் அரை நிமிஷம் நின்றிருக்காது. நீங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சங்கடப்படுத்தக் கூடாது என்று இருந்தீர்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அன்றைக்கு அப்பா வந்தபோது மணி ஒன்றரை. பந்தி நடந்துகொண்டிருந்தது. உன் மாமன் எடுத்துவந்த வேட்டி சட்டையில் நீ நடுவில் உட்கார்ந்திருந்தாய். நான் எல்லோர் முன்னாலும், "ஒரம்பரை வர்ற நாள்ல இப்படியா வருவீங்க? உங்களுக்கு ஆறுதான் பெருசு" என்று கத்தினேன். "பஸ் கெடைக்கலீங்க" என்று என் அண்ணனைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். நீ இலையைப் பார்த்தபடியே, "தண்ணி நல்லா வந்துச்சுங்களாப்பா?" என்று கேட்டாய். "வந்துச்சு சாமி" என்றார். அவர் காலில் சேறே இல்லை என்பதை நீ கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். பரவாயில்லையே, இந்த வருஷம் சுத்தமாக வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு ரசம் ஊற்றினேன்.

திங்கட்கிழமை துணி ஊறவைக்கும்போது அவர் சட்டைப்பையில் இரண்டு பொட்டணமும் இருந்தன. ஒன்று இருந்திருந்தால், உனக்குக் கொண்டுபோனது மிச்சம் என்று நினைத்திருப்பேன். இரண்டும் இருந்தன. மடிப்புக் கலையவில்லை. ஆனாலும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பிரித்து டப்பாவில் கொட்டி, அன்றைய காபியில் அந்தச் சக்கரையைத்தான் போட்டேன். மூன்று பேரும் குடித்தோம். புதன்கிழமை நீ ஏறிவிட்டாய். ஏர்போர்ட்டில் அப்பா உன் தோளில் கை வைத்து, "உடம்பப் பாத்துக்குங்க சாமி" என்றார். நீ, "நீங்களும் பாத்துக்குங்கப்பா" என்றாய். இருவரும் ஒருவரை ஒருவர் என்னமோ கேட்கப் போகிற மாதிரி நின்றீர்கள். நான்தான், நேரமாச்சு நேரமாச்சு என்று உன்னை உள்ளே தள்ளினேன்.

அடுத்த வருஷமும் தோப்புக்கார அண்ணன் போன் பண்ணினார். அப்பா போகவில்லை. கால் வலி என்றார். "வந்தா வரட்டும் விடு" என்றார். அதற்கடுத்த தை மாதம் பட்டறையிலிருந்து வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், முடிந்துவிட்டது. நீ ஓடிவந்தாய், எடுத்த மறுநாள்தான் வந்து சேர முடிந்தது. பேரூர்ப் படித்துறையில் நீ அஸ்தியைக் கரைத்தபோது ஆற்றில் கரைக்கிற அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. பக்கத்துக் குழாயிலிருந்து இரண்டு குடம் பிடித்து ஊற்றினோம். அப்போதாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தேன், காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாய்ப் பக்கம் போய்விட்டேன். அப்புறம் ஒவ்வொரு மாதமும் சொல்வதற்கு இன்னும் கொஞ்சம் கஷ்டமாகிக்கொண்டே போயிற்று.

அந்த ஜூன் மாதம் அப்பாவின் போன் அடித்தது. நான் அதைச் சார்ஜ் போட்டு அலமாரியிலேயே வைத்திருந்தேன். எடுத்தால் தோப்புக்கார அண்ணன். "தண்ணி எறங்கிருச்சுங்க" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திவிட்டார். "மன்னிச்சுக்கோங்க அம்மணி. வருசா வருசம் பண்ணிப் பழகிப்போச்சு, கை பாட்டுக்குப் போட்டுருச்சு" என்றார். அந்தப் பக்கம் அவர் அழுதார், இந்தப் பக்கம் நான் அழுதேன். அப்புறம் என்ன தோன்றியதோ, காலைல நான் வாரேனுங்கண்ணா என்று சொல்லிவிட்டேன். பதினைந்து இருபது வருஷம் கூப்பிட்டு வராதவள், கூப்பிட ஆள் இல்லாத பிறகு போனேன்.

அணைமேட்டில் அந்தப் புளியமரம் இருக்கிறது. அதன் கீழே நின்றோம். எட்டே முக்காலுக்குச் சுவருக்கு மேலே ஒரு கோடு மாதிரி ஈரம் தெரிந்தது. பிறகு தண்ணீர் வழிந்து இறங்கி மணலைத் தொட்டது. நான் ஏதோ ஆர்ப்பாட்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. நாக்கை நீட்டி நீட்டித் தரையை நக்குகிற மாதிரி மெல்ல வந்தது. நீ சொன்னதெல்லாம் அப்படியே இருந்தது. நுரை, சருகு, எறும்பு, ஒற்றைச் செருப்பு. அப்போதுதான் தோப்புக்கார அண்ணன் சொன்னார், "தம்பி வெளிநாடு போன வருசம் அண்ணன் இங்கதானுங்க நின்னாப்ல. எட்டரைக்கே தண்ணி தாண்டிருச்சு. வாங்கண்ணா போலாம்னேன். பையன் வந்தாலும் வருவானுங்க, நான் நிக்கறேன்னாப்ல. ஒம்பதாச்சு, பத்தாச்சு. ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் ரோட்டப் பாக்கறாப்ல. தண்ணி கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருச்சு. பதினொன்னரைக்குத்தானுங்க கெளம்புனாப்ல. நடக்கவே இல்லீங்க அன்னிக்கு."

அவர் சொல்லி முடித்ததும் நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வெயிலுக்கு மயக்கம் என்று நினைத்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார் பாவம். நான் சொன்ன பொய்க்கு ஒரு பிள்ளை தன் வீட்டில் இலை முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருக்க, ஒரு அப்பா மரத்தடியில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் ஆசைப்பட்டதே வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். அதையும் விட்டுவிட்டு நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்த மனுஷனைப் பார்த்து நான் கத்தியிருக்கிறேன்.

அதற்கப்புறம்தான் நான் நடக்க ஆரம்பித்தேன். நீ சர்க்கரைக்காக என்று நினைத்துக்கொண்டு ஷூ அனுப்பி வைத்தாய். சேலைக்கு அந்த ஷூ எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். உக்கடம் பெரியகுளத்து மேட்டில் இப்போது நடைபாதை, விளக்கு, உட்கார இடம் எல்லாம் போட்டு நன்றாக வைத்திருக்கிறார்கள். நடப்பவர்களைவிட நின்று போட்டோ எடுப்பவர்கள்தான் அதிகம், இடித்துக்கொண்டுதான் போகவேண்டும். அங்கேதான் இந்த நடைக்குழு கிடைத்தது. பதினெட்டுப் பேர், பாதிப் பேருக்கு முட்டி தேய்மானம், ஆனால் வாய் மட்டும் தேயவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மருதமலைப் படி ஏறுவோம். பெரியநாயக்கன்பாளையம் வரைக்கும் பஸ்ஸில் போய்ப் பாலமலைப் பாதையில் நடந்திருக்கிறோம். ஒரு வளைவில் திரும்பினால் ஊர் மொத்தமும் கீழே தெரியும். அப்பா இதைச் சொன்னபோது, நம் ஊரை நாமே என்னத்தப் பார்ப்பது என்று கேட்டவள் நான். அந்த வளைவுக்குப் போகும்போதெல்லாம் குழுவை முன்னால் போகவிட்டுக் கொஞ்சம் பின்தங்கி நிற்பேன். அவர் பக்கத்தில் நின்று காட்டினால் எந்த இடத்தைக் காட்டுவார் என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். முட்டி வலி என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

ஆறு வருஷமாகத் தண்ணீர் வருகிற நாளில் புளியமரத்தடிக்குப் போகிறேன். போன வருஷம் மழை பொய்த்து அணையே வழியவில்லை, அந்த ஒரு வருஷம்தான் போகவில்லை. போகும்போதெல்லாம் நிற்பேன், பார்ப்பேன். தண்ணீர் போன பிறகு பஸ் ஏறி வந்துவிடுவேன். இன்றுவரைக்கும் அதன்கூட ஒரு எட்டு நடந்ததில்லை. குழுவில் கூப்பிட்டார்கள், தோப்புக்கார அண்ணனும் கூப்பிட்டார். மனசு வரவில்லை. அந்த நடை உங்கள் இரண்டு பேருடையது. அதைக் கெடுத்தவள் நான், உன்னிடம் சொல்லாமல், நீ கூட இல்லாமல் நான் எப்படி நடப்பது?

அம்மா என்ற முறையில் புத்தி சொல்ல எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. பாப்பா உன்னை வேண்டாம் என்றால் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஏன் என்று அவளையே கேள். அவள் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாதே. உன் பெண்டாட்டி தங்கமான பிள்ளை, என்னைப் போல இல்லை. இருந்தாலும் நடுவில் ஆள் வைக்காதே. கேட்டால் சங்கடப்படுவார்களோ என்று நினைக்காதே. கதவைத் தட்டு. அவர் அன்றைக்கு ஒரே ஒரு தட்டுத் தட்டியிருந்தால், நீ ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், என்று நான் நினைக்காத நாள் இல்லை. அதை உங்கள் தப்பு என்று சொல்ல வரவில்லை. தப்பு என்னுடையதுதான். உனக்கும் என்மேல் கோபம் வரும். வரட்டும். கோபத்தையும் "பரவாயில்லீங்கம்மா" என்று மூடி வைக்காமல் முழுசாகக் காட்டு. சொந்தக்காரர்கள் முன்னால் மரியாதை போய்விடக் கூடாது என்று சொன்ன பொய் இது. அதனால்தான் அவர்கள் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன். காங்கேயத்துக்கும் பொள்ளாச்சிக்கும் மலரில் ஒவ்வொரு பிரதி நானே அனுப்பப் போகிறேன்.

இப்போது எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் நீ, "எப்பம்மா வரட்டும்?" என்று கேட்கும்போது, "உனக்குச் சௌகரியப்பட்டப்ப வா கண்ணு, சிரமப்பட்டுக்காத" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதுவும் ஒரு பொய்தான். உன்னைப் பார்க்காமல் எனக்கு எதுவும் ஓடவில்லை. ஆற்றங்கரையில் யாராவது ஒரு பையன் அப்பாவோடு நடந்து போனால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன். டாக்டர் வலது முட்டியை மாற்றிவிடலாம் என்கிறார், ஆவணிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். மாற்றிய பிறகு ரோட்டில் நடக்கலாமாம், கல்லிலும் கரையிலும் பத்துக் கிலோமீட்டர் நடப்பதைப் பற்றிக் கேட்டால் சிரிக்கிறார். அதனால் இந்த ஆனி மாதம்தான் எனக்குக் கணக்கு.

தண்ணீர் தேதி சொல்லிவிட்டு வராது என்பது உனக்குத் தெரியும். முதல் நாள் சாயங்காலம்தான் சேதி வரும், அங்கிருந்து விமானம் பிடித்தெல்லாம் வந்து சேர முடியாது. முன்னாலேயே வந்து இங்கே காத்திருக்கவேண்டும். ஒரு மாதம் லீவு போடு. முடியாவிட்டால் உன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வா, அப்பா அறையில் மேஜையைத் துடைத்து வைத்திருக்கிறேன். பாப்பாவையும் அவள் அம்மாவையும் கூட்டி வா. வந்தும் மழை பொய்த்துவிட்டால் காய்ந்த ஆற்றின் கரையிலேயே நடப்போம். ஒரம்பரை யாரையும் கூப்பிடமாட்டேன். சமையலும் செய்யமாட்டேன், முதல் நாள் புளிச்சாதம்தான். நாட்டுச்சக்கரை வாங்கி வைத்திருக்கிறேன். அப்பாவுக்கும் சேர்த்து ஐந்து பொட்டணம் மடிக்கவேண்டும். எனக்கு அந்த மடிப்பு வரவில்லை, பிரிந்து பிரிந்து போகிறது. நீதான் வந்து காட்டித் தரவேண்டும்.

நேற்று மாலை மேற்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. அப்பாவின் போனைச் சார்ஜில் போட்டேன்.

வா கண்ணு. சௌகரியம் பார்க்காமல் வா. அவர் நின்ற அதே புளியமரத்தடியில் நிற்பேன். தண்ணீர் என்னைத் தாண்டிப் போனாலும் போகட்டும், ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒன்பது மணிக்கு மேலும் நிற்பேன்.

அம்மா